முகம் பாராத ஏடு

விளாத்திகுளத்தைச் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களிலிருந்து, விடியற்கருக்கலில் வேன்கள் தூத்துக்குடியை நோக்கிப் புறப்படுகின்றன. முன்பு மிளகாய் பறிக்கவும் பருத்தி எடுக்கவும் வேலிக்கருவை வெட்டிக் கரிமூட்டம் போடவும் சென்ற பெண்களில் பலர், இன்று அந்த வேன்களில் ஏறி, இறால் பதனிடும் கூடங்களுக்குச் செல்கின்றனர். மாதக்கூலி, வருங்கால வைப்புநிதி, காப்பீட்டு அட்டை ஆகியவை அங்கே உண்டு. வெயிலில் வாடிய தலைமுறைக்கு இது சிறிய காரியமன்று.

அத்தகைய நிறுவனம் ஒன்றில் பணியாளர் பிரிவு அலுவலராக இருக்கும் இளைஞர் ஒருவர், ஒரு ஞாயிறு மாலையில் என்னைத் தேடி வந்தார். ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதாயிருந்தால் இதை நான் எழுதத் துணிய மாட்டேன். பங்குமனைத் திண்ணையில் அமர்ந்து பேசியது இது. அவருடைய இசைவு பெற்றே எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடியவற்றை மாற்றியிருக்கிறேன்.

அவருடைய நிறுவனத்தில் வருகைப் பதிவுக்குக் கைரேகைக் கருவி இருக்கிறது. காலையில் விரலை வைக்க வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால் அன்றைய கூலி உண்டு. ஐம்பது வயதை நெருங்கும் ஒரு பெண்ணுக்குப் பல நாள்கள் அந்த விளக்கு எரியவில்லை. இளமையில் உப்பளத்தில் உழைத்த கை அது. பின்னர் ஆண்டுக்கணக்கில் பனிக்கட்டி நீரிலும் குளோரின் கலந்த நீரிலும் இறால் உரித்து உரித்து, விரல்நுனியில் ரேகை தேய்ந்துவிட்டது. மாத முடிவில் கணினி ஒன்பது நாள் அவர் வரவில்லை என்று கணக்குக் கொடுத்தது. அந்த ஒன்பது நாளும் அவர் வேலை செய்ததை இந்த இளைஞர் தம் கண்ணால் கண்டிருக்கிறார். ஒரு நாள் அவரிடம் பேசியும் இருக்கிறார். வெளியூரிலுள்ள தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். கையால் திருத்தும் வசதி வேண்டுமென்றே நீக்கப்பட்டுள்ளது, முன்பு அது தவறாகப் பயன்பட்டது, ஆகவே விதிவிலக்கு இல்லை என்று மறுமொழி வந்தது.

கூலி வாங்க வந்த பெண் சண்டை போடவில்லையாம். "தம்பி, நீங்க என்னப் பாத்தீயல்லா?" என்று மட்டும் கேட்டாராம்.

"பாத்தேன் சாமி. ஆனா நான் பாத்தத எழுதிவைக்க அங்க ஒரு இடமும் இல்ல. நான் விதியை மீறல. ஒரு பைசா எடுக்கல. பிறகு ஏன் எனக்கு உறுத்துது? இது பாவமா?"

அன்று அவருக்கு நான் நேரான விடை சொல்லவில்லை. அவர் சென்ற பிறகு நெடுநேரம் எண்ணிப் பார்த்தேன். அந்த எண்ணங்களையே இங்கு வாசகர் முன் வைக்கிறேன்.

கருவியின் மீது பழியைப் போட்டுவிட்டு, பழங்காலத்துக்கு ஏங்குவது எளிது. என் போன்ற வயதினருக்கு அது இனிக்கவும் செய்யும். ஆனால் அந்தப் பழங்காலத்தை நான் அறிவேன். நான் சிறுவனாயிருந்தபோது எங்கள் பக்கத்து அளங்களில் கங்காணியின் கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவருக்கும் ஆண்டவனுக்கும் மட்டுமே தெரியும். அவர் வீட்டுக்குத் தண்ணீர் சுமந்து கொடுத்தவளுக்கு முழுநாள். முகம் சுளித்தவளுக்கு அரைநாள். அளத்தில் காலே வைக்காத அவருடைய உறவினர் பெயர்களும் அந்த நோட்டில் கூலி வாங்கும். பாத்தியில் நின்று உப்பு வாரிய பெண்களின் கால் வெடிப்பு எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. அந்தக் கால்களுக்கு எதிரே செருப்போடு நின்ற அந்த நோட்டுப் புத்தகமும் நிற்கிறது. அங்கே எல்லாருக்கும் முகம் இருந்தது. அதுதான் அங்கிருந்த துன்பம். கங்காணி முகம் பார்த்துத்தான் எழுதினார்.

எழுதப்பட்ட விதியும் எல்லாருக்கும் பொதுவான பதிவேடும் ஏழைக்கு விடுதலையாக வந்தவை. இதைச் சொல்லாமல், 'அலுவலர் ஆட்சி மனிதரை நசுக்குகிறது' என்று மட்டும் முழங்குவது பாதி உண்மை. ஜெர்மானிய சமூகவியல் அறிஞர் மாக்ஸ் வெபர் 1920-இல் மறைந்த பின், 1922-இல் வெளிவந்த பெருநூலில் இந்த அலுவலர் ஆட்சியின் இயல்பை விரித்துரைத்தார். விதியின்படி இயங்கும் அலுவலகம் சினமும் காட்டாது, பாசமும் காட்டாது. வந்து நிற்பவர் யார் என்று பாராது. அதனாலேயே அது விரைவாகவும் பிசகின்றியும் தொடர்ந்து இயங்குகிறது என்பது அவர் கருத்து. கைத்தொழிலுக்கு எதிரே இயந்திரம் எப்படியோ, பழைய ஆட்சிமுறைகளுக்கு எதிரே இது அப்படி என்றும் கருதினார். இதே வெபர்தான் இந்த ஒழுங்கு மனிதரைச் சிறைப்படுத்தும் கூண்டாகிவிடுமோ என்று அஞ்சியவரும் ஆவார். இரண்டையும் ஒருவரே சொன்னார் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

நம் மறைமாவட்டத்தார்க்கு இதை விளக்க ஜெர்மனிக்குச் செல்ல வேண்டியதில்லை. ஏ. அண்ட் எஃப். ஹார்வி நிறுவனத்தார் 1888-இல் தூத்துக்குடியில் நிறுவிய கோரல் நூற்பாலையில், 1908-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் நாள் வேலைநிறுத்தம் தொடங்கியது. வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அதற்குத் துணை நின்றனர். தமிழ்நாட்டுத் தொழிலாளர் வரலாற்றின் முதற்பக்கங்களில் இடம்பெறும் இந்நிகழ்ச்சி நாட்டு விடுதலையின் ஒளியில் வைத்தே பேசப்படுகிறது, அது தகும். ஆனால் அவர்கள் எதைக் கேட்டார்கள் என்று பாருங்கள். கூலி உயர்வு கேட்டார்கள். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கேட்டார்கள். வேலை நேரத்துக்கு ஒரு வரம்பு கேட்டார்கள். துரை அன்பாயிருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. துரையின் மனநிலை எப்படியிருந்தாலும் ஞாயிறு ஞாயிறாக இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். கேட்டது கருணையன்று, விதி. ஒரு வாரத்துக்குச் சற்று மேல் நடந்த அந்தப் போராட்டம் வென்றது. கூலி உயர்வும் வார விடுமுறையும் கிடைத்தன. மார்ச் 12-ஆம் நாள் வ.உ.சி. கைதானார். ஓய்வுநாளைப் பற்றி ஆண்டுதோறும் மறையுரை ஆற்றும் எனக்கு, நம் ஊர்ப் பஞ்சாலைத் தொழிலாளி அந்த நாளைப் போராடிப் பெற்றான் என்பதை நினைக்கையில் நாணம் வருகிறது.

அதற்குப் பின் வந்த சட்டங்களும் இதே திசையில் சென்றன. 1936-ஆம் ஆண்டின் கூலி வழங்கல் சட்டத்தை ஒருமுறை படித்துப் பார்த்தேன், வறண்ட நடைதான். ஆயினும் அதில் அபராதம் பற்றிய பகுதி என் உள்ளத்தைத் தொட்டது. எந்தெந்தக் குற்றத்துக்கு அபராதம் என்பதை முன்னதாகவே அறிவித்து ஒட்டியிருக்க வேண்டும்; தொழிலாளியின் மறுமொழியைக் கேட்காமல் தண்டிக்கக் கூடாது; கூலியில் ரூபாய்க்கு அரை அணாவுக்கு மேல் போகக் கூடாது; பிடித்த ஒவ்வொரு காசையும் பதிவேட்டில் எழுத வேண்டும்; அந்தப் பணம் தொழிலாளரின் நன்மைக்கே செலவாக வேண்டும். இவையெல்லாம் யாரோ ஓர் அலுவலர் மேசையில் அமர்ந்து எழுதியவை. அந்த அலுவலர் எந்தத் தொழிலாளியின் முகத்தையும் பார்த்ததில்லை. பார்க்காமலே, பல்லாயிரம் வீடுகளின் அடுப்பில் அவர் விறகு வைத்தார்.

ஆக, முகம் பாராமை ஓர் அறம். நம் முன்னோர் முகத்தாட்சிணியம் என்ற சொல்லைக் குறையாகவே வழங்கினர். நீதிமன்றத்தில் செல்வனுக்கும் சாயாதே, ஏழைக்கு இரங்கியும் சாயாதே என்று லேவியர் நூல் பணிப்பதை நாம் அறிவோம்.

இனிச் செயல்திறனைப் பற்றி ஒரு சொல். விதி வேறு, திறன் வேறு. இக்காலத்து நிர்வாகத்தில் இரண்டும் ஒரே நுகத்தில் பூட்டப்பட்டுள்ளன. அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெடரிக் டெய்லர் கையில் கடிகாரத்தோடு தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் அளந்தார். பெத்லகேம் எஃகு ஆலையில் ஒருவர் நாளொன்றுக்கு 12½ டன் இரும்புப் பாளம் சுமந்த இடத்தில், தம் முறைப்படி 47½ டன் சுமக்க வைத்ததாகவும், அவருடைய நாட்கூலி 1 டாலர் 15 சென்டிலிருந்து 1 டாலர் 85 சென்டாக உயர்ந்ததாகவும் 1911-இல் வெளிவந்த தம் நூலில் பெருமையோடு எழுதினார். சுமை ஏறத்தாழ நான்கு மடங்கு. கூலி ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். (பெத்லகேம் என்ற பெயர் தாங்கிய ஊரில் இது நடந்தது என்பது ஒவ்வொரு முறையும் என்னைச் சற்று நிறுத்துகிறது.) ஆயினும் டெய்லரை அரக்கராக்க வேண்டா. வீண் அலைச்சலைக் குறைப்பதும், சரியான கருவியைக் கையில் கொடுப்பதும், இடையிடையே ஓய்வு கொடுத்தால்தான் உடல் தாங்கும் என்று கண்டதும் நன்மைகளே. நாம் வாங்கும் சட்டைத் துணி மலிவாயிருப்பதற்கும் அந்தக் கடிகாரம் ஒரு காரணம். இடர் எங்கே தொடங்குகிறது? அளக்க முடிந்தது மட்டுமே உள்ளது என்று அளப்பவர் நம்பத் தொடங்கும்போது.

நம் கடலே இதற்குச் சான்று சொல்லும். முத்துச்சலாபம் நடந்த நாள்களில், இலங்கைக் கரையில், குளித்தெடுத்த சிப்பிகளை அரசின் கொட்டிலில் மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும். பிரிப்பவர் குளியாளர். எந்த இரண்டு குவியல் அரசுக்கு என்று சுட்டிக்காட்டுபவர் அலுவலர். எஞ்சிய ஒன்று குளித்தவருக்கு. எது தமக்கு வரும் என்று தெரியாததால் குளியாளர் மூன்றையும் சமமாகப் பிரித்தே ஆக வேண்டும். பல்லாயிரக்கணக்கான சிப்பிகளைத் துல்லியமாக எண்ணிப் பங்கிட நேரமுமில்லை, தேவையுமில்லை, சந்தேகத்துக்கு இடமுமில்லை. விதி என்றால் இதுவன்றோ விதி! எளியது, விரைவானது, இருவரும் எதிரெதிரே நின்று செய்வது. பங்கு நியாயமா, மூன்றில் ஒன்று போதுமா என்பது வேறு வழக்கு. மூச்சடக்கி இறங்கியவனுக்கு மூன்றில் ஒன்றுதான் என்பதை நான் நியாயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பங்கிடும் முறையில் வஞ்சம் இல்லை.

சலாபத்துக்கு முன்னும் ஒரு விதி உண்டு. அரசின் ஆய்வாளர் பாருக்குச் சென்று, மாதிரிச் சிப்பி எடுத்து, அவற்றைத் திறந்து, முத்தின் மதிப்பைப் பார்த்து, முதிரவில்லையென்றால் அந்த ஆண்டு சலாபம் இல்லை என்று அறிவிப்பார். எத்தனையோ ஆண்டுகள் அப்படிக் கழிந்தன. நத்தை வேகம், அரசு வேலை என்று அன்றும் சிலர் நகைத்திருப்பர்.

1905-இல் இலங்கைக் கரையில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்கு ஏறத்தாழ 25 லட்ச ரூபாய் வருவாய் கிடைத்தது. அந்தக் களிப்பில், மறு ஆண்டே முத்துப் பார்களை இருபதாண்டுக் குத்தகைக்கு, ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் என்று, லண்டனில் திரட்டிய முதலோடு வந்த ஒரு கம்பெனிக்கு விட்டனர். இலங்கை முத்துக்குளிப்போர் கம்பெனி என்பது அதன் பெயர். அதற்கு விஞ்ஞானிகளின் அறிக்கைகள் துணையிருந்தன. நீராவிக் கப்பல் இருந்தது. பேராசிரியர் ஹெர்ட்மன் ஐந்து தொகுதிகளாக எழுதிய ஆய்வும், அவரோடு பணியாற்றிப் பின்னர்த் தூத்துக்குடிக் கடலையும் ஆராய்ந்த ஜேம்ஸ் ஹார்னலின் எழுத்துகளும் இன்றும் மதிக்கத்தக்கவை. அறிவின் மேல் குறையில்லை. 1906, 1907 ஆகிய இரண்டு ஆண்டுகள் சிப்பி கிடைத்தது. பின் கிடைக்கவில்லை. குஞ்சுச் சிப்பிகளைத் திருக்கை மீன் தின்றது, மணல் மூடியது, நீரோட்டம் எங்கோ கொண்டுபோயிற்று. குத்தகை மட்டும் ஆண்டுதோறும் வந்தது. சில ஆண்டுகளில் கம்பெனி கலைந்தது. கணக்கேட்டில் 'ஆண்டு' என்றொரு கட்டம் இருந்தது. கடலில் அப்படியொரு கட்டம் இல்லை. நத்தை வேக ஆய்வாளரின் விதியில் 'இந்த ஆண்டு வேண்டாம்' என்று சொல்ல இடமிருந்தது; விரைவுக்காக வந்தவரின் ஒப்பந்தத்தில் அந்த இடம் இல்லை.

இடமில்லாமை என்ற இந்தச் சொல்லைத்தான் அந்த இளைஞரும் என் திண்ணையில் சொன்னார். அவர் கண்டதை எழுத இடமில்லை.

இடமில்லாத ஏடு எவ்வளவு கேடு செய்யும் என்பதை அண்மைக் காலத்தில் இங்கிலாந்து கண்டது. அங்குள்ள அஞ்சல் நிறுவனம் 1999 முதல் ஹொரைசன் என்ற கணினிக் கணக்குமுறையைக் கிளை அஞ்சலகங்களில் நிறுவியது. கணக்கில் பணம் குறைவதாக அது காட்டியபோதெல்லாம், கிளையை நடத்தியவரே திருடினார் என்று கொள்ளப்பட்டது. உதவி கேட்டுத் தொலைபேசியில் அழைத்தவர்களில் பலரிடம், இந்தச் சிக்கல் உங்களுக்கு மட்டும்தான் என்று சொன்னார்கள். கணினி சரியாகவே இயங்கியிருக்கும் என்று நீதிமன்றமும் ஊகித்துக்கொள்வது அந்நாட்டுச் சட்டமரபு. 900-க்கு மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர். சிறை சென்றவர்கள் உண்டு, வீடிழந்தவர்கள் உண்டு, உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. பிழை கணினியில் இருந்தது என்று 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 மே மாதம் பாராளுமன்றமே சட்டம் இயற்றி அந்தத் தண்டனைகளை நீக்க வேண்டியதாயிற்று. அந்த இருபது ஆண்டுகளில் எத்தனை அலுவலர்கள் அந்தக் கோப்புகளைக் கையாண்டிருப்பார்கள்! அவர்கள் எல்லாரும் கொடியவர்கள் அல்லர். பெரும்பாலோர் மாலையில் வீடு திரும்பித் தம் பிள்ளைகளைக் கொஞ்சியவர்களே. ஒவ்வொருவரும் தம் பகுதியை விதிப்படி செய்தனர். முழுவதையும் செய்தவர் என்று ஒருவரும் இல்லை.

இங்கேதான் நம் கேள்வியின் முள் இருக்கிறது. கங்காணியிடம் அநீதி நடந்தால், அநீதி செய்தவருக்கு ஒரு பெயர் இருந்தது. அவரைத் திட்டலாம், அவருடைய தாயிடம் போய் முறையிடலாம், என்றாவது ஒரு நாள் அவர் மனம் மாறவும் கூடும். ஒழுங்கான நிர்வாகத்தில் அநீதி நடந்தால் செய்தவர் யார்? கருவியா? அதை விற்றவரா? திருத்தும் வசதியை நீக்கிய தலைமை அலுவலரா? அவரும் திருட்டைத் தடுக்கவே நீக்கினார். வேலை கொடுப்பவர் பார்க்காத முகம் ஒன்று. வேலை செய்பவர் பார்க்க முடியாத முகம் இன்னொன்று. ஏழையைக் கங்காணியிடமிருந்து காத்த அதே முகமின்மை, இப்போது அவள் யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் நிற்கவும் வைத்துவிட்டது. நன்மை வேறு இடத்திலிருந்தும் தீமை வேறு இடத்திலிருந்தும் வந்திருந்தால் ஒன்றை வைத்து மற்றதைக் களையலாம். இரண்டும் ஒரே வேரில் முளைத்திருக்கின்றன.

திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் இளமையில் கற்சுரங்கத்திலும் இரசாயன ஆலையிலும் கூலியாளாக உழைத்தவர். மனித உழைப்பைப் பற்றி 1981-இல் அவர் எழுதிய சுற்றுமடலில், அலுவலர் ஆட்சி மிதமிஞ்சிப் போனால் தொழிலாளி தன்னை மேலிருந்து இயக்கப்படும் பேரியந்திரத்தின் ஒரு பல்லாக மட்டுமே உணர்வான் என்று எச்சரித்தார். அவர் அதைத் தொழிலாளிக்காகச் சொன்னார். எனக்கோ, திண்ணையில் அமர்ந்திருந்த அந்த அலுவலரும் அதே இயந்திரத்தின் பல்தான் என்று பட்டது. அவருக்குக் கண் இருக்கிறது. கண்டதைச் சொல்லும் வாய் பறிக்கப்பட்டிருக்கிறது.

இந்த இடத்தில் எனக்கு வள்ளுவர் துணைக்கு வந்தார். பொருட்பாலில் அரசனுக்கு அவர் செங்கோன்மையைச் சொன்னார். யாரிடத்தும் சாயாமல் ஆராய்ந்து முறைசெய்வது அது. அதே அரசனுக்கு, மூன்று அதிகாரங்கள் கழித்துக் கண்ணோட்டத்தையும் சொன்னார். நம் காலத்தில் 'கண்ணோட்டம்' என்றால் வெறும் பார்வைக் கோணம் என்று ஆக்கிவிட்டோம். அவருக்கு அது, எதிரில் நிற்பவர்மேல் கண் ஓடி நெஞ்சு இளகுதல். இரண்டையும் இருவருக்குப் பங்கிட்டுக் கொடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சாயாதவன் ஒருவன், இரங்குபவன் ஒருவன் என்று அவர் ஆள் பிரிக்கவில்லை. கடமை சிதையாதபடி கண்ணோடத் தெரிந்தவனையே அந்த அதிகாரத்தில் உயர்த்திப் பேசுகிறார். நம் நிறுவனங்களோ பிரித்துவிட்டன. விதி கணினியிடம்; இரக்கம் ஆண்டுவிழாவில் கொடுக்கும் எவர்சில்வர் தூக்குவாளியில்.

திராட்சைத் தோட்ட உரிமையாளரின் உவமையும் நினைவுக்கு வந்தது. நாம் அதைத் தாராள மனத்தின் கதையாகவே விளக்குகிறோம். அங்கே ஒரு கணக்கரும் இருக்கிறார். கூலி கொடுப்பவர் அவரே. விடியலில் வந்தவருக்குப் பேசிய கூலி ஒரு காசும் குறையவில்லை, ஒப்பந்தம் மீறப்படவில்லை. ஆனால் உரிமையாளர் ஒரு நாளில் ஐந்து முறை தாமே சந்தைவெளிக்குப் போய், அங்கே நின்றவர்களைப் பார்த்திருக்கிறார். மாலை ஐந்து மணிக்கும் போனார். ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எந்தப் பதிவேட்டிலும் கட்டம் இருந்திருக்காது.

இதுவரை எழுதியதைப் படித்துப் பார்த்தபோது, நிறுவனங்களையே குறை சொல்லிக்கொண்டிருப்பது எனக்கே கூசியது. என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், கடற்கரைப் பங்கு ஒன்றில் நான் பணியாற்றியபோது, பிள்ளையின் பள்ளிச் சேர்க்கைக்காகத் திருமுழுக்குச் சான்றிதழ் கேட்டு ஒரு தாய் வந்தார். குடும்ப வரி மூன்று ஆண்டு பாக்கி. பாக்கி இருந்தால் சான்றிதழ் இல்லை என்பது பங்கின் விதி. பங்குப்பேரவை கூடி எழுதியது. வசதியுள்ளவர்களும் ஏமாற்றியதால் எழுதியது. நான் அலுவலக அறையைவிட்டு வெளியே வரவில்லை. "விதிப்படி செய்யுங்கள்" என்று கணக்குப்பிள்ளையிடம் உள்ளிருந்தே சொன்னேன். கணவன் கடலுக்குப் போய்த் திரும்பாத வீடு அது என்று மாலையில்தான் தெரிந்தது. மறுநாள் நானே சான்றிதழை எடுத்துக்கொண்டு போனேன். அவர் வாங்கிக்கொண்டார், உட்காரச் சொல்லவில்லை. விதி தவறில்லை என்று இன்றும் நினைக்கிறேன். நான் எழுந்து வெளியே வராததுதான் தவறு. கதவு பத்தடி தூரத்தில் இருந்தது.

இளைஞருக்கு என்ன சொன்னேன் என்பதை எழுத வேண்டும். அடுத்த ஞாயிறு அவர் மீண்டும் வந்தார். அதற்குள் அவர் ஒன்று செய்திருந்தார்: ஒன்பது நாள் கூலியைத் தம் பையிலிருந்து எடுத்து உறையிலிட்டு அந்தப் பெண்ணிடம் கொடுத்திருக்கிறார். அவர் வாங்கவில்லை. "இது ஒங்க காசு தம்பி. எனக்கு என் கூலிதான் வேணும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம். இதைச் சொல்லும்போது இளைஞரின் குரல் கம்மியது. இறையியல் பயின்ற எனக்கு, நீதிக்கும் பிறரன்புக்கும் உள்ள வேற்றுமையை இவ்வளவு சுருக்கமாக எந்தப் பேராசிரியரும் சொல்லித்தரவில்லை. உறை அவருடைய உறுத்தலைத் தீர்த்திருக்கும்; ஏடு அப்படியே பொய் சொல்லிக்கொண்டிருந்திருக்கும்.

ஆகவே அவரிடம் இப்படிச் சொன்னேன். கண்டதைக் கண்டேன் என்று சொல்ல இடமில்லாத விதியில் அவர் கையெழுத்திடுவது பாவத்துக்கு அருகில் இருக்கிறது. விதியை இரகசியமாக மீறுவதும் விடையன்று, அது அவரையே இன்னொரு கங்காணியாக்கிவிடும். விதியில் இடம் உண்டாக்கக் கேட்பதே அவர் கடமை. கேட்பதால் வரும் இழப்பையும் அவரே சுமக்க வேண்டியிருக்கும். சொல்வது எனக்கு எளிது. அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, வீட்டுக்கடன் இருந்தது. அதையும் சேர்த்தே சொன்னேன்.

அவர் நான்கு முறை எழுதினார். கருவி ஏற்காத நாள்களுக்கு ஒரு தனி நோட்டு. அதில் வேலை பார்த்த இடத்தின் மேற்பார்வையாளர் கையெழுத்து, உடன் வேலை செய்த இருவர் கையெழுத்து, அலுவலராகத் தம் கையெழுத்து. மாதம்தோறும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம் - இதுவே அவர் கேட்டது. கங்காணியின் நோட்டில் இல்லாத மூன்று கையெழுத்துகள் இதில் இருப்பதை நான் கவனித்தேன். முதல் மூன்று கடிதங்களுக்கு மறுமொழி இல்லை. நான்காவதில் அவர் ஒரு கணக்கையும் சேர்த்திருந்தார்: அந்தக் கூடத்தில் ரேகை பதியாத விரல்கள் ஒன்றல்ல, பதினேழு. தலைமை அலுவலகத்துக்கு எண் புரிந்தது. மூன்று மாதம் சோதனையாக நடத்த இசைவு வந்திருக்கிறது. அந்த ஒன்பது நாள் கூலி இன்னும் வரவில்லை. பழைய மாதத்தின் கணக்கு மூடப்பட்டுவிட்டது என்கிறார்கள். அதற்கு ஐந்தாவது கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பெண் இப்போதும் காலையில் முதலில் கருவியில் விரல் வைக்கிறாராம். விளக்கு எரியாவிட்டால் சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்து இன்னொரு முறை வைத்துப் பார்ப்பாராம். அதற்குப் பிறகுதான் நோட்டுப் பக்கம் வருவாராம்.